அணையாத சூளையும் அறுபடும் பணியும்: செராமிக் பொறியியலில் பெண்களின் ஆய்வு வாழ்க்கை

1. கேள்வி

குன்னூருக்குச் செராமிக் தொழிலில் பெயர் கிடையாது. ஆனாலும் செராமிக் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாள்கூட நகராது. தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்குச் சூடான காற்றைத் தள்ளும் அடுப்பின் உட்சுவர் ஃபயர் பிரிக்கால் கட்டப்பட்டது. பைக்காரா, குந்தா நிலையங்களில் பிறந்து சமவெளிக்கு இறங்கும் மின்சாரத்தைக் கோபுரங்களில் தாங்கி நிற்பது இன்சுலேட்டர். கைப்பேசிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நூற்றுக்கணக்கான செராமிக் மின்தேக்கிகள் இருக்கின்றன. தேநீர்க் கோப்பையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை நெருக்கமான ஒரு பொருளின் அறிவியலைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொள்ள குன்னூர்ப் பெண் ஒருத்தி விரும்பினால், அவளுடைய பாதை எங்கே தொடங்கும், எங்கே தடைபடும்? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. பெண்கள் இத்தகைய 'கனமான' துறைகளை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை என்பது முதல் விடை. திருமணமும் குழந்தை வளர்ப்பும் பணியை முறித்துவிடுகின்றன என்பது இரண்டாவது. நிறுவனங்கள் பெண்களுக்கு இடம் தருவதில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் எல்லாத் துறைக்கும் பொதுவானவை. செராமிக் துறைக்கென்று உள்ள தனிச் சிக்கலை அவை தொடுவதில்லை. இத்துறையின் வேலை இடையறாத நேரத்தைக் கேட்கிறது. சூட்டை ஏற்றத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. அந்த நேரத்தைப் பெண்களிடமிருந்து சட்டமும் வழக்கமும் விடுதிக் கதவும் நெடுங்காலம் பறித்துவைத்திருந்தன. வரலாற்றையும் சில முன்னோடிகளின் வாழ்க்கையையும் இன்றைய திட்டங்களையும் இந்தக் கோணத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2. துறையின் தன்மை

உலோகமும் அல்லாத, கரிமப் பொருளும் அல்லாத திடப்பொருளைச் சூட்டால் உருவாக்குவதே செராமிக் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பானை, செங்கல், சிமெண்ட், கண்ணாடி, பீங்கான் ஆகியவை பழைய கிளைகள். அலுமினா, சிர்கோனியா, சிலிக்கான் கார்பைடு, பேரியம் டைட்டனேட், செயற்கை எலும்பாகும் ஹைட்ராக்சிஅபடைட், லித்தியம் மின்கலத்தின் ஆக்சைடு மின்முனை ஆகியவை புதிய கிளைகள்.

களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் அரைத்துக் கலந்து வடிவம் கொடுத்து 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் மின்பீங்கான் கிடைக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்புகிறது. களிமண்ணிலிருந்து முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் வளர்ந்து வலிமை சேர்க்கின்றன. சூட்டை வேகமாக ஏற்றினால் உள்ளிருக்கும் நீராவி பொருளை உடைத்துவிடும். வேகமாக ஆற்றினால் விரிசல் விழும். பெரிய இன்சுலேட்டர் ஒன்று சூளைக்குள் போய் வெளியே வர நாள்கணக்கில் ஆகும். ஆய்வகத்தில் ஒரு சிறு வில்லையைச் சுடுவதற்கே, சூட்டை ஏற்றுவதும் நிலைநிறுத்துவதும் ஆறவைப்பதும் சேர்ந்து ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கிவிடும். லித்தியம் கோபால்ட் ஆக்சைடைத் திட நிலையில் தயாரிக்க 800 அல்லது 900 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒரு கலவையில் ஒரு விகிதத்தை மாற்றினால் இத்தனையும் முதலிலிருந்து தொடங்கும்.

இப்படி ஐம்பது, நூறு முறை சுட்ட பிறகே ஓர் ஆய்வேடு உருவாகிறது. அறிவுக்கூர்மையோடு, உலை அருகில் இருக்கும் உரிமையும் இத்துறையின் மூலதனம்.

3. மலையில் மண் யார் கையில் இருந்தது?

சமவெளித் தமிழகத்தில் மண்பாண்டத் தொழிலில் பெண்களின் உழைப்பு பெரிது. மண் பிசைவது, காயவைப்பது, மெருகிடுவது, சந்தைக்குச் சுமப்பது எல்லாம் அவர்களுடைய வேலை. ஆனால் சக்கரத்தைப் பெண் தொடக்கூடாது என்ற வழக்கம் தமிழகத்தில் மட்டுமின்றி இந்தியாவின் பல பகுதிகளிலும் உண்டு. தொழிலின் மையக் கருவி ஆணிடமும் அதைச் சுற்றிய வேலைகள் பெண்ணிடமும் என்று பிரிந்திருந்தது.

நீலகிரி இதற்கு விலக்கு. இங்குள்ள கோத்தர் சமூகத்தில் ஆண்கள் கொல்லுவேலையும் மரவேலையும் பார்க்க, பானை வனைவது பெண்களின் கலையாக இருந்தது. ஏழு கோத்தர் ஊர்களிலிருந்து பானையும் இரும்புக் கருவியும் இசையும் போயின. படகர்களிடமிருந்து தானியமும் தோடர்களிடமிருந்து பால்பொருளும் குறும்பர்களிடமிருந்து காட்டுப்பொருளும் வந்தன. மலையின் பண்டமாற்றுப் பொருளாதாரத்தில் ஒரு தூணைத் தாங்கியவை கோத்தர் பெண்களின் கைகள். எந்த இடத்து மண் சுட்டால் வெடிக்காது, எவ்வளவு மணல் சேர்த்தால் அடுப்புச் சூட்டைத் தாங்கும், எத்தனை நாள் நிழலில் உலர வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் அறிந்திருந்தார்கள். பாடநூல் மொழியில் சொன்னால் துகள் அளவுப் பகிர்வு, உலர்சுருக்கம், வெப்ப அதிர்ச்சி எதிர்ப்பு. ஈரப்பதம் மிகுந்த இந்த மலையில் பச்சைப் பானையை விரிசல் இல்லாமல் உலர்த்துவதே பெரிய தொழில்நுட்பம். ஆனால் இந்த அறிவைத் தந்தவர்களின் பெயரோடு எந்தச் செராமிக் பாடநூலும் அதைப் பதிவுசெய்யவில்லை.

எழுத்தில் பதிவான வேறொரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியின் பழங்காலக் கல்வட்டங்களிலிருந்து எருமை முதலிய உருவங்கள் மூடியில் அமைந்த அரிய சுடுமண் தாழிகளைத் தோண்டியெடுத்தவர் நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். ஊட்டியில் அவர் பெயரால் பள்ளி இருக்கிறது. அவர் 1872-ல் இறந்துவிட்டார். கையெழுத்துப் படிகளைத் தொகுத்து 1873-ல் நூலாக வெளிக்கொண்டுவந்தவர் அவருடைய மனைவி. நீலகிரிச் சுடுமண் கலை பற்றிய அடிப்படை ஆவணம் ஒரு பெண்ணின் பதிப்புப் பணியால் பிழைத்தது. ஊரில் நிலைத்த பெயர் கணவருடையது.

4. பட்டம் என்னும் முதல் வாசல்

நவீனப் பல்கலைக்கழகம் வந்தபோது திறமைக்கு மேல் சான்றிதழ் என்ற ஒன்று சேர்ந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களின் தொடக்கத்தில்தான் பெண்கள் சேர்ந்தனர். ஏ. லலிதா 1943-ல் மின்பொறியாளராக வெளிவந்தார். பின்னாளில் அவர் கல்கத்தாவில் மின்தொடர்களையும் துணைமின்நிலையங்களையும் வடிவமைக்கும் பணியில் இருந்தார்.

பொருளறிவியலுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அன்னா மணி. பீர்மேட்டு மலைப்பகுதியில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். வானிலைக் கருவிகளுக்காக நாடறிந்த அவர் அங்கே ஆராய்ந்தது வைரத்தையும் மாணிக்கக் கல்லையும். மாணிக்கம் என்பது சிறிதளவு குரோமியம் கலந்த அலுமினியம் ஆக்சைடு. இன்றைய அலுமினா செராமிக்கின் படிக வடிவம். படிகங்களைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, அவை உமிழும் மங்கலான ஒளியைப் படத்தட்டில் பதிக்க 15 முதல் 20 மணி நேரம் ஆனது. இரவு முழுவதும் ஆய்வகத்தில் கழித்த நாட்கள் உண்டு. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அன்னா மணிக்கு நேரம் கிடைத்திருந்தது, கருவி கிடைத்திருந்தது, முடிவுகளும் கிடைத்தன. அறுந்த இடம் அங்கீகாரம். அதன்பின் அரசு உதவியோடு லண்டன் சென்று வானிலைக் கருவிகள் கற்றுத் திரும்பி, 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வானிலையியலுக்கு லாபம்; படிக ஆய்வுக்கு இழப்பு.

இன்று அந்த வாசல் பெருமளவு திறந்துவிட்டது. 2020-21 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அறிவியல் பிரிவில் படித்த 57.2 லட்சம் பேரில் பெண்கள் 29.5 லட்சம், ஆண்களைவிட அதிகம். ஐ.ஐ.டி.களில் பெண்கள் 8 விழுக்காடு அளவில் இருந்த நிலையை மாற்ற 2018-ல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. அந்த ஆண்டு 14, அடுத்த ஆண்டு 17, 2020 முதல் 20 விழுக்காடு என்று இலக்கு உயர்ந்தது. ஆகவே 'பெண்கள் அறிவியலை விரும்புவதில்லை' என்ற முதல் விடை, குறைந்தபட்சம் கல்லூரி அளவில், நிற்காது.

ஆனால் படித்து முடித்த பின் என்ன ஆகிறது? இந்திய ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக ஈடுபட்டிருந்தோரில் பெண்கள் 16.6 விழுக்காடு என்று 2018-ஆம் ஆண்டுக் கணக்கு சொன்னது. உலக அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வகுப்பறையில் பாதிக்கு மேல், ஆய்வகத்தில் ஆறில் ஒருவர். இடையில் விழுந்தவர்கள் எங்கே விழுந்தார்கள் என்பதே அடுத்த கேள்வி.

5. சூளையின் இரவு

செராமிக் தொழிற்சாலையின் சுரங்கச் சூளை ஒருமுறை பற்றவைத்தால் மாதக்கணக்கில் அணைவதில்லை. மூன்று ஷிப்டிலும் ஆள் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 66-ஆம் பிரிவில், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மூலப்பொருள் கிடைக்கும் சுரங்கங்களிலும் இதே கதை: 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிக்கு அனுமதிக்கவில்லை, 2019 ஜனவரியில்தான், பெண்ணின் ஒப்புதலோடும் பாதுகாப்பு நிபந்தனைகளோடும், நிலத்தடிப் பணியும் இரவுப் பணியும் அனுமதிக்கப்பட்டன.

இந்தத் தடைகள் தொழிலாளரைப் பாதுகாக்கப் பிறந்தவை. அவற்றின் நிழல் கல்வித்துறையிலும் விழுந்தது. செராமிக் பொறியியலில் ஆசிரியருக்கு மதிப்பு சேர்ப்பது தொழிற்சாலை அனுபவம். ஆலை ஆலோசனைப் பணியிலிருந்துதான் ஆய்வு நிதியும் கருவியும் மாணவர் பயிற்சியிடமும் வருகின்றன. சேலத்து மேக்னசைட் வெப்பந்தாங்கும் செங்கல் ஆலையிலோ ராணிப்பேட்டைப் பீங்கான் ஆலையிலோ இரவு ஷிப்ட் பார்த்தறியாத பட்டதாரி, சூளை பற்றிய பாதிப் பாடத்தைத் தவறவிட்டவர். அந்தப் பாதியைச் சட்டமே ஒரு தலைமுறைப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிறகு 'அனுபவம் போதாது' என்று நேர்முகத் தேர்வில் சொல்லப்பட்டது.

ஆய்வகத்தில் சட்டத் தடை இல்லை. அதன் இடத்தை விடுதி நேரம் பிடித்துக்கொண்டது. பெண்கள் விடுதிக் கதவு மாலையில் சாத்தப்படும் வழக்கம் நம் கல்லூரிகளில் இன்றும் பரவலாக இருக்கிறது. உலைக்கு முன்பதிவு வரிசை உண்டு, பகல் நேரம் மூத்தவர்களுக்குப் போகும், மிஞ்சுவது இரவு. ஒரே உலையை நம்பியிருக்கும் துறையில், இரவில் அதை அணுக முடியாத மாணவியின் ஆய்வு அவள் திறமையில் குறை இல்லாமலே பின்தங்கும். தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. ஆனால் இரவில் மின்சாரம் போனால், மாதிரி உலைக்குள் உடைந்தால், அருகில் இருப்பவர்தான் காரணத்தைப் பார்க்கிறார். செராமிக்கில் தோல்வியைப் பார்ப்பதும் தரவுதான்.

6. வெளியுலகில் மூன்று பணிகள்

ஹெலன் மெகா 1907-ல் டப்ளினில் பிறந்த படிகவியலாளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் லண்டன் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, மின்தேக்கிகளுக்குப் புதிதாகக் கிடைத்திருந்த பேரியம் டைட்டனேட்டின் படிக அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்து 1945-ல் வெளியிட்டார். பெரோவ்ஸ்கைட் என்ற படிகக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள அது அடித்தளமானது. பின்னர் கேம்பிரிட்ஜில் பணியாற்றினார். அமெரிக்கக் கனிமவியல் கழகத்தின் ரோப்ளிங் பதக்கம் 1989-ல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். கண்டுபிடிப்புக்கும் பதக்கத்துக்கும் நடுவே 44 ஆண்டுகள்.

டெல்லா மார்ட்டின் ராய், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிமெண்ட் ஆய்வை அறிவியலாக்கியவர். ராஞ்சியில் பிறந்த புகழ்பெற்ற பொருளறிவியலாளர் ரஸ்தம் ராயின் மனைவி. 1971-ல் சிமெண்ட், கான்கிரீட் ஆய்வுக்கென்று ஓர் உலகளாவிய ஆய்விதழைத் தொடங்கினார். 1974-ல் மற்றொருவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், பவளப் பூச்சிகளின் கூட்டை வெந்நீர் அழுத்த முறையில் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றலாம் என்று காட்டினார். பவளத்தின் நுண்துளைகள் எலும்பின் துளைகளை ஒத்திருப்பதால் அது எலும்பு ஒட்டுக்குப் பயன்பட்டது. 1987-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெல்லைட் என்ற கனிமம் அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய பணி ஒரே வளாகத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கணவரும் மனைவியும் ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்க முடிந்தது அந்தத் தொடர்ச்சிக்குக் கைகொடுத்தது. நம் நாட்டில் இருவரும் ஆய்வாளர்களாக உள்ள குடும்பங்களில் இடமாற்றம் வந்தால் வேலையை விடுவது பெரும்பாலும் மனைவி.

வீணா சகஜ்வாலா மும்பையில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1986-ல் உலோகவியல் பொறியியல் முடித்தவர். வகுப்பில் ஒரே பெண். கனடாவிலும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பு முடித்து, சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மின்வில் உலையில் நிலக்கரிக் கோக்குக்குப் பகுதி மாற்றாகப் பழைய டயரைச் செலுத்தி எஃகு உருக்கும் முறை அவருடையது. கண்ணாடிக் கழிவையும் துணிக் கழிவையும் சேர்த்து அழுத்திச் சூடாக்கிக் கட்டடப் பலகையாக்கும் 'பசுமைச் செராமிக்' முறையையும் அவருடைய குழு உருவாக்கியது. 2018-ல் மின்னணுக் கழிவுக்கான சிறு ஆலை ஒன்றைத் தம் பல்கலைக்கழகத்திலேயே திறந்தார்.

இம்மூவரில் யாரும் 'சலுகை' பெற்று எழுந்தவர்களாகத் தெரியவில்லை. மூவருக்கும் பொதுவாக அமைந்தது, ஒரு கருவியோடும் ஓர் ஆய்வகத்தோடும் அறுபடாத நீண்ட உறவு.

7. அம்பாசமுத்திரத்திலிருந்து தில்லிக்கு

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகளில் முதன்மையானவர் ந. கலைச்செல்வி. அம்பாசமுத்திரம் பகுதியைச் சேர்ந்த இவர் பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர். தமிழில் படித்ததே அறிவியல் கருத்துகளைப் புரிந்துகொள்ள உதவியது என்று வெளிப்படையாகச் சொல்பவர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, 2019 பிப்ரவரியில் அதன் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில் இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநரானார். 1942-ல் தொடங்கிய அந்த மன்றத்துக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை.

அவருடைய ஆய்வுப் பொருள் லித்தியம் மின்கலத்தின் மின்முனைகள். கார் மின்கலமானாலும் கைப்பேசி மின்கலமானாலும் நேர்மின்முனை பெரும்பாலும் சூட்டில் உருவாகும் ஆக்சைடு அல்லது பாஸ்பேட் பொடி. செராமிக் வேதியியலின் நேர் வாரிசு. இத்துறையில் தமிழர் பங்கு முன்பே உண்டு. லித்தியம் மின்கல முன்னோடி ஜான் குட்எனஃபோடு ஆக்ஸ்போர்டிலும் டெக்சாசிலும் பணியாற்றிய ஆறுமுகம் மந்திரம், 2019-ல் குட்எனஃபின் சார்பில் நோபல் உரையையே நிகழ்த்தினார். கலைச்செல்வியின் பணி அந்த வேதியியலை உள்நாட்டுத் தேவைக்குத் திருப்பியது. சோடியம் அயனி, லித்தியம் கந்தக மின்கலங்கள் வரை அது நீண்டது.

அவருடைய ஏற்றத்தைத் தனிமனிதத் திறமையாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் பெருநகரத்துக்கு வெளியே ஒரு தேசிய ஆய்வகம் எழுந்தது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. சிறு ஊரில் வீடும் ஆய்வகமும் அருகருகே அமைந்த ஒரு வளாகத்தில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒரே துறையில் ஊன்றி நிற்பது, சென்னையிலோ தில்லியிலோ வாடகையும் பயணமும் தின்னும் வாழ்க்கையைவிடச் சாத்தியமானது. கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிலையத்துக்கும் சுமன் குமாரி மிஸ்ரா என்ற பெண் விஞ்ஞானி இயக்குநராக இருந்திருக்கிறார். உச்சியில் கதவு திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. படிக்கட்டின் நடுப்பகுதிதான் சிக்கல்.

8. திட்டங்கள் எதைத் தொடுகின்றன?

பணியை இடையில் விட்ட பெண் விஞ்ஞானிகளை மீண்டும் கொண்டுவர அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-ல் தனி உதவித்திட்டம் தொடங்கியது; பின்னர் அது கிரண் என்ற பெயரில் விரிந்தது. பெண்கள் பல்கலைக்கழகங்களில் கருவி வாங்க கியூரி திட்டம். பள்ளி மாணவியருக்கு விக்யான் ஜோதி. நிறுவனங்களே தம்மை மதிப்பிட்டுக்கொள்ள, பிரிட்டனின் அதீனா ஸ்வான் முறையைப் பின்பற்றி, கதி. பெண் ஆய்வாளர்களுக்கென்று 2020 அக்டோபரில் பவர் நல்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் முனைவர் பட்ட ஆய்வில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டும், மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் விடுப்பும் தந்தன. 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமானது.

நல்ல பட்டியல்தான். செராமிக் துறையின் அளவுகோலில் வைத்தால் இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, மீள்வருகைத் திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு மட்டுமே பணம் தருகின்றன. மூலப்பொருள் தேர்ந்து, உலையைப் பழகி, முடிவு நிலைபெறும் நேரத்தில் காலம் முடிந்துவிடுகிறது. நிரந்தரப் பணியிடத்துக்கு அங்கிருந்து பாலம் இல்லை. இரண்டாவது, கருவி உதவி பெண்கள் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரியில் இருக்கும் பெண் ஆசிரியருக்குப் போவது அரிது. விடுப்பு தருவதால் இடைவெளி மன்னிக்கப்படுகிறது. இடைவெளியில் உலை காத்திருக்காது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஏற்பாடு இல்லை. விடுப்பில் இருக்கும் ஆய்வாளரின் மாதிரிகளைச் சுட்டு, அளந்து, பதிவுசெய்ய ஓர் ஆய்வக உதவியாளரை நியமிக்கும் சிறு நிதி பெரிய நல்கையைவிட அதிகம் காக்கும்.

9. குன்னூரிலிருந்து பார்த்தால்

குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியிலோ ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ அறிவியல் பட்டம் பெறும் மாணவிக்கு அடுத்த படி மலையிறங்குவது. கோவையில் உலோகவியல், திருச்சி என்.ஐ.டி.யிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் உலோகவியல் மற்றும் பொருளறிவியல், அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் செராமிக் தொழில்நுட்பம், விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளோமா. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் சென்னை. போவது கடினமில்லை. தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அங்கே ஐந்து, ஆறு ஆண்டு தங்குவது கடினம். ஆய்வு முடிந்து திரும்பி வந்து அதே துறையில் நிற்பது இன்னும் கடினம். மலையில் அவளுக்கு உலையும் இல்லை, எலக்ட்ரான் நுண்ணோக்கியும் இல்லை.

ஆனால் கேள்விகள் இங்கே நிறைய இருக்கின்றன. சார்னோகைட் பாறை சிதைந்து உருவான நீலகிரிச் செம்மண்ணில் கயோலினைட்டும் கிப்சைட்டும் கலந்திருக்கின்றன. எந்தப் பகுதி மண் எதற்கு உதவும் என்று கோத்தர் பெண்களின் அறிவோடு சேர்த்து ஆராயலாம். 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். எரியும் காற்றில் ஆக்சிஜன் குறையும்போது தேயிலை டிரையர் அடுப்பின் சூடும் ஃபயர் பிரிக்கின் ஆயுளும் எப்படி மாறுகின்றன என்பது நேரடித் தொழில் பயனுள்ள ஆய்வு. மதுக்கடைக் காலி பாட்டில்களுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வசூலித்துத் திருப்பிப் பெறும் திட்டம் தமிழகத்தில் முதலில் 2022 மே மாதம் நீலகிரியில்தான் வந்தது. திரும்பி வராத உடைந்த கண்ணாடி காட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது. சகஜ்வாலாவின் பசுமைச் செராமிக் போன்ற முறையைச் சிறு அளவில் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பைக்காரா மின்திட்டம் 1932-ல் இயங்கத் தொடங்கியபோது, அதே பத்தாண்டில் மைசூர் அரசு மின்பீங்கானுக்கென்றே பெங்களூரில் ஓர் ஆலையை நிறுவியது. தேவை நம் மலையில் எழுந்தது. தொழிலும் அறிவும் பிற ஊரில் வளர்ந்தன. இம்முறையும் அப்படி நடக்க வேண்டியதில்லை.

10. முடிவு

செராமிக் பொறியியலில் பெண்ணின் ஆய்வு வாழ்க்கை விருப்பக் குறைவால் அறுபடவில்லை. திறமைக் குறைவாலும் இல்லை. மலைக் குயத்தியரும் அன்னா மணியும் கலைச்செல்வியும் அதற்குச் சான்று. அறுபடும் இடங்கள் மூன்று: பணிக்கு நடுவே அங்கீகாரம், இரவில் உலை, இடைவேளைக்குப் பின் நிரந்தர இடம். முதலாவது ஓரளவு சீராகிவிட்டது. இரண்டாவது சட்டத்தில் சீரானாலும் விடுதி வழக்கத்தில் சீராகவில்லை. மூன்றாவது இன்னும் தொடங்கவே இல்லை.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை பெரிய செலவில்லாதவை. ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் தன் பெண் ஆசிரியர் எண்ணிக்கையை உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று பதவிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆய்வு மாணவியர் விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் இரவு முழுவதும் பாதுகாப்பான வழி வேண்டும். கோத்தர் ஊர்களில் மண் அறிவு கொண்ட மூதாட்டியரிடம் தகவல் பெறுவோர் அவர்களை ஆய்வுக் கட்டுரையின் இணை ஆசிரியராகச் சேர்க்க வேண்டும். 1873-ல் நடந்ததுபோல் வேறொருவர் பெயர் மட்டும் நிற்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீலகிரி மாவட்டத்துக்கென்று 1,600 டிகிரி உலை ஒன்றும் அதை இயக்க ஒரு நிரந்தர உதவியாளரும் கொண்ட பொது ஆய்வகத்தை ஊட்டியிலோ குன்னூரிலோ உயர்கல்வித் துறை அமைத்துத் தர வேண்டும். காரைக்குடிக்கு ஒரு வள்ளல் கிடைத்தார். மலைக்கு அரசாவது முன்வரட்டும்.